சுண்ணாம்பு பூசிய கண்ணாடி

கட்டடம் வரைகிறவனுக்கு எந்த மாதத்தில், எந்த மணிக்கு, வெயில் எங்கிருந்து வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. சிம்மக்கல்லில் ஒரு இன்ஜினியரின் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். கீழே பலசரக்கு மொத்தக் கடை, மேலே ஓட்டுக் கூரைக்கு அடியில் நாங்கள் மூன்று பேர். மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே வீட்டு பிளான் வரைவோம். பாலிடெக்னிக் முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நானாக யோசித்து ஒரு கக்கூஸ்கூடக் கட்டியதில்லை. இன்ஜினியர் வாயால் சொல்வார், நான் அதைக் கோடாகப் போடுவேன், அவ்வளவுதான். ஊர் ஒத்தக்கடையிலிருந்து உள்ளே பிரியும் மண் ரோட்டில் இருந்தது. தினமும் டவுன் பஸ்ஸில் போய்வருவேன்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், தங்கை. அப்பா மில் தொழிலாளி. கொஞ்சம் நிலமும் உண்டு. தங்கையை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருந்தாள். சடுகுடு ஆடுவாள். ஆடுவாள் என்று சும்மா சொன்னால் போதாது. பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பமாட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர்தான் அவளைக் கண்டுபிடித்தவர். படிப்பு முடிந்த பிறகும் சாயங்காலம் சாயங்காலம் ஆடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாநில அணிக்கு எடுத்துவிட்டால் ஒரு சர்டிபிகேட் கிடைக்கும், அதை வைத்து சர்க்கார் வேலைக்குப் போகலாம் என்பது டீச்சரின் கணக்கு.

அப்பா ஒரு கெடு வைத்திருந்தார். "வார பங்குனியில செலக்‌ஷன்ங்கிறீங்க. எடுத்தாய்ங்கன்னா வேலைக்குப் போகட்டும், நான் குறுக்க வரமாட்டேன். எடுக்கலேன்னா வைகாசியில அத்தை மகனுக்குக் கழுத்த நீட்டணும். பெறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அத்தை மகன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்கள் கடைக்குக்கூடப் போகமாட்டார்கள். பாப்பா ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பாடிப் போறேன்ல, அப்பத்தேன்ணே எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கு." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆடுவதற்கு இடம்தான் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தின் மதில் இடுப்பு உயரம். சாயங்காலம் நாலரை ஆனால் மதில் முழுக்க ஆம்பளைகள் வரிசையாகக் கையூன்றி நிற்பார்கள். சைக்கிளைச் சாய்த்து அதன்மேல் ஏறி நிற்பவனும் உண்டு. ஒருத்தி கால் தடுக்கி விழுந்தால் விசில். அப்படிப் பார்த்துப் பார்த்தே அணியிலிருந்த பெண்களை வீட்டார் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். "நாலு சுவரும் ஒரு கூரையும் இருந்தாப் போதும். வெளிய இருந்து யாரும் பாக்கக் கூடாது. உள்ள வெளிச்சம் வேணும்" என்றார் டீச்சர். கரண்டை நம்ப முடியாது. இருக்கும்போதும் வோல்டேஜ் இல்லாமல் டியூப் லைட் விக்கிக்கொண்டிருக்கும். ஆகவே வெளிச்சம் வானத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்த வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். தங்கைக்காக என்று சொல்லிக்கொண்டேன். என் பெயரைச் சொல்ல ஒரு கட்டடம் வேண்டும் என்ற ஆசையும் அதில் பாதி இருந்தது.

வழி எனக்கு முன்னாலேயே தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் மில்லைப் பார்த்திருக்கிறேன். மில்லின் கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு பல்பு எரியாது. ஆனாலும் தறியில் ஒரு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். தரையில் வெயில் பொட்டுக்கூட விழாது. வடக்கேயிருந்து வருவது வெயில் இல்லை, வெறும் வெளிச்சம். கோடையில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும், அதற்குக் கூரையை ஒரு முழம் வெளியே இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.

நான் வரைந்தது இவ்வளவுதான். கிழக்கு மேற்காக நீளமான ஒரு கூடம். தெற்குச் சுவர் தாழ்வு, வடக்குச் சுவர் உயரம், நடுவே ஒரே சரிவாக ஓட்டுக் கூரை. வடக்குச் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, நீளம் முழுக்கக் கண்ணாடி. கீழே ஜன்னலே கிடையாது. காற்றுக்குச் சுவரின் அடியில் செங்கல் சந்துகள். சூடு மேலே ஏறி உச்சியில் விட்டிருந்த இடைவெளி வழியாகப் போய்விடும். இன்ஜினியர் படத்தைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

சிமெண்டுக்கு பர்மிட் வாங்க வேண்டிய காலம். ஆகவே சுண்ணாம்புச் சாந்து. அஸ்திவாரத்துக்குக் கல்குவாரியில் உடைந்து கிடந்த கழிவுக் கல். பக்கத்து ஊரில் ஒரு பழைய பஞ்சாலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சட்டங்களும் கண்ணாடிகளும் ஓடுகளும் அங்கிருந்து வந்தன. ஆளுக்குக் கூலி இல்லை, வீட்டுக்கு ஒருத்தர் என்று முறை வைத்தோம். எங்கள் வீட்டு முறைக்கு அம்மாதான் போனாள். ஆரம்பத்தில் அம்மாவுக்கு இந்தச் சடுகுடு பிடிக்கவே இல்லை. "கால விரிச்சு ஓடுறதெல்லாம் ஒரு ஆட்டமா" என்பாள். கல் சுமக்கப் போன பத்தாம் நாள் ஊர்ப் பெண்களை எல்லாம் அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

இனி, கட்டடத்துக்கு மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்ட நாள். இடம் ஊர்ப் பொது. ஆனால் ஊரில் எதுவும் என் பெரியப்பாவைக் கேட்காமல் நடக்காது. அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன். ஊர்க் காரியம் எல்லாம் அவர் கையில். மேஸ்திரி கயிறு பிடித்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். தெற்கேயிருந்து வரும் தெருவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"என்னாப்பா, தெருவு நேரா வந்து கட்டடத்து நெஞ்சுல முட்டுதே."

தெரு நேராக வந்து ஒரு கட்டடத்தில் முட்டினால் தெருக்குத்து என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் மனையே வாங்கமாட்டார்கள்.

"வாசல மட்டும் கிழக்க மாத்திர்றேன் பெரியப்பா."

"வாசல மாத்துனாப் போதுமா? அம்புட்டு நீளச் சுவத்தையும் தெருவுக்குக் காட்டிக்கிட்டுல நிக்கிது. நாளைக்கு உள்ள ஆடுற பிள்ளைகளுக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கட்டடத்த அப்பிடியே திருப்பி, தெருவுக்கு ஒதுக்கிப் போடு."

அவர் கவலை பொய்யில்லை. அதை இப்போதும் சொல்வேன். உண்மையிலேயே அந்தப் பெண்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் சொன்னார்.

கட்டடம் திரும்பினால் நீளச் சுவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் வரும். கண்ணாடியைக் கிழக்கே வைத்தால் பிழைத்தோம். பெண்கள் ஆடுவது சாயங்காலம்தான், அந்த நேரத்தில் கிழக்கே வெயில் இருக்காது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"கூரைத் தண்ணி எங்கிட்டு விழுகும்?"

"கண்ணாடி கிழக்க வந்தா, சரிவு மேற்க இறங்கும். மேற்க விழுகும்."

"மேற்க என் களம். என் களத்துல ஊர்த் தண்ணி விழுகக் கூடாதுப்பா. கிழக்க விடு."

அடுத்தவன் இடத்தில் கூரைத் தண்ணீரை விடக் கூடாது என்பது அங்கே வெட்டுக்குத்து வரை போகிற விஷயம். ஆனால் அதற்கு மருந்து சுலபம். கூரை ஓரத்தில் ஒரு தகரக் கால்வாய் வைத்தால் தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏற்கெனவே அரை மனதோடுதான் பெண்களுக்கென்று கட்டும் கட்டடத்துக்குத் தலையாட்டியிருந்தார். இதில் ஒன்று பேசினால், அதில் ஒன்று கிளறுவார், கடைசியில் "பொட்டப் பிள்ளைகளுக்கு எதுக்குய்யா இது" என்று முடிந்துவிடும் என்று பயந்தேன். இன்னொன்றும் உண்டு. எனக்கு அவரை எதிர்த்துப் பேசத் தைரியம் கிடையாது.

"சரி பெரியப்பா" என்றேன்.

அதாவது தண்ணீர் கிழக்கே இறங்கும், உயர்ந்த சுவர் மேற்கே நிற்கும், கண்ணாடி முழுக்க மேற்கே பார்க்கும். எதிரே களம், திறந்த வெளி, வெயிலை மறிக்க ஒரு கூரைகூட இல்லை. ஆபீஸுக்குப் போய் புது பிளான் வரைந்தபோது சாயங்கால வெயிலுக்கும் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். அது கண்ணாடி வழியாக நுழைந்து ஆடுகளத்தை முழுக்கக் கடந்து எதிர்ச் சுவரில் போய் முட்டியது. அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தேன்.

கட்டடம் எழும்பி ஓடு வேய்ந்து, கண்ணாடியும் மாட்டியாயிற்று. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரித்தார்கள். "மாப்ள, ஜன்னலே இல்லாத வீடு கட்டிருக்கான் பாரு. மூச்சு முட்டிச் சாகப் போறாளுக." உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கே இல்லாமல் தரையில் கிடந்த ஊசியை எடுக்கலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேஸ்திரியும் நானும் மட்டும் உள்ளே நின்றோம். கண்ணாடியின் முழு நீளத்துக்கும் வெயில் சரிந்து தரையில் கிடந்தது.

"என்னா தம்பி, மத்தியானத்த விட இப்பல்ல உள்ள வருது?" என்றார் மேஸ்திரி. "எதுத்தாப்புல நிக்கிறவளுக்குக் கண்ணு தெரியாதே."

"சுண்ணாம்பு அடிச்சிரலாம்ணே. கண்ணாடி மேல ரெண்டு கோட்டு."

"பெரியவரு கேட்டா?"

"வெளிய இருந்து யாரும் பாக்காம இருக்கிறதுக்குன்னு சொல்லிருங்க. வேப்பமரத்துல ஏறிப் பாக்குறாய்ங்கன்னு சொல்லுங்க."

சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, உள்பக்கம் பூசினோம். நன்றாகவே வேலை செய்தது. வெயில் கண்ணாடியில் பட்டுப் பால் மாதிரி வெளிச்சமாக உள்ளே இறங்கியது. யார் கேட்டாலும் மேஸ்திரி மறைப்புக்கு என்று சொன்னார். ஊரே நம்பியது. பெரியப்பாவுக்கு அதில் பெருமைகூட. "நம்ம பயல் எம்புட்டு யோசிச்சிருக்கான் பாரு" என்றார். எனக்கும் ஒரு கட்டத்தில் அது மறைப்புக்குத்தான் என்று ஆகிவிட்டது.

ஆறு மாதம் பெண்கள் அங்கே ஆடினார்கள். நிறுத்திக்கொண்ட வீடுகளெல்லாம் திரும்ப அனுப்பின. நாலரையிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளேயிருந்து பாட்டும் சிரிப்பும் மட்டும் வெளியே கேட்கும். பாப்பா ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு பங்கு சாப்பிட்டாள். அம்மா அவளுக்கென்று எள்ளுருண்டை பிடித்து வைத்தாள். ஒரு முறை உள்ளே போய் உட்கார்ந்து ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள். வந்து என்னிடம், "என்னாடா இவ, மின்னலாட்டம் போயிட்டு வாரா" என்றாள். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டின் நல்ல காலம் அந்த ஆறு மாதம்தான்.

பங்குனியில் தேர்வு வந்தது. மழை வெயில் இல்லாத, பெண்கள் பயமில்லாமல் ஆடக்கூடிய இடம் என்று டீச்சர் சொல்லி, அந்தத் தேர்வையே எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். காலையில் என்றால் கிழக்கு வெயில், கண்ணாடிப் பக்கம் நிழல். நான் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அன்றைக்கு ஆபீஸில் ஒரு வேலை அவசரம், நான் முதல் நாளே போய் சிம்மக்கல்லிலேயே தங்கிவிட்டேன். தேர்வு நாள் மத்தியானத்துக்கு மேல்தான் பஸ் ஏற முடிந்தது. எல்லாம் முடிந்திருக்கும், முடிவைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மண் ரோட்டில் திரும்பி நடக்கும்போதே பார்த்துவிட்டேன். களத்துக்கு அப்பால் கட்டடத்தின் உச்சியில் கண்ணாடி தீப்பிடித்த மாதிரி மின்னியது. சுண்ணாம்பு பூசிய கண்ணாடி மின்னாது.

கூடத்து வாசலில் பெரிய கோலம். செம்மண் பூசி, மாவிலை கட்டியிருந்தார்கள். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எங்கிட்டுப்பா போயிருந்த? காலையில வாரேன்னவுக மத்தியானம்தேன் வந்தாக. வேற ஊருல வேலையாம். இப்பத்தேன் ஆட்டம் நடக்குது. உள்ள பாத்தியா? நேத்து நாங்க அம்புட்டுப் பேரும் சேந்து கழுவுனோம். கண்ணாடியில அப்பியிருந்த சுண்ணாம்ப நாந்தேன் ஏணியில ஏறிச் சுரண்டுனேன். சுரண்டிப்புட்டு அரிக்கேன் சிம்னி தொடைக்கிறாப்புல திருநீறு போட்டுத் தொடச்சேன். பளபளன்னு இருக்கு பாரு."

"எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் களத்துப் பக்கம் ஒரு ஆம்பளை தலை தெரியக் கூடாதுன்னு உங்க பெரியப்பா சொல்லிட்டாரு. வேப்பமரத்தடிக்கே ஆள் போட்டாச்சு. அப்பறம் மறைப்பு எதுக்கு? வெளியூருல இருந்து வாரவுக நம்ம கட்டடத்த அழுக்கா பாக்கலாமா?"

நான் சொன்ன பொய்யை அம்மா ஒழுங்காகப் புரிந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தேன். ஆடுகளம் முழுக்க வெயில். ஆளெடுக்க வந்திருந்தவர்கள் மேற்குச் சுவரோரம் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் மட்டும் ஒரு நோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"சார், பிள்ளைகளுக்கு ரொம்பக் கண்ணு கூசுது. என்ன இப்பிடி வருது? அரை மணி நேரம் நிறுத்திட்டு ஆடலாமான்னு கேக்கட்டுமா? நீங்கதான கட்டுனீங்க, எப்ப இறங்கும் இது?"

பெரியப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவரும் பதிலுக்குக் காத்திருந்தார். நிறுத்துங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் சுண்ணாம்பு எதற்கு என்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பு எதற்கு என்றால் கட்டடம் தப்பாக நிற்கிறது, அது தெரிந்தே நான் சரி என்றேன் என்று சொல்ல வேண்டும். ஊரே அங்கே நின்றது.

மணி ஐந்து ஆகவில்லை. அந்த வெயில் ஆடுகளத்தை விட்டுப் போக இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு அது நிமிஷக் கணக்கில் தெரியும்.

"பத்து நிமிஷந்தான் டீச்சர். இறங்கிரும்" என்றேன்.

டீச்சர் என்னை நம்பி உள்ளே போனார்.

பாப்பாவின் முறை வந்தது. பாடிக்கொண்டு போனாள். கிழக்கு ஓரத்தில் ஒருத்தியைத் தொட்டாள். அங்கிருந்து அப்படியே சுழன்று, மேற்கு மூலையில் நின்றவளைக் குறி வைத்துத் திரும்பினாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பாடிப் போகிற யாரும் செய்யாததை அவள் செய்தாள். கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தாள். பாட்டு ஒரு நொடி தடுமாறியது. பக்கத்தில் இரண்டு பேர் பாய்ந்ததை அவள் பார்க்கவே இல்லை. ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். பாப்பாவின் உடம்பு ஒரு பக்கம் போனது, முழங்கால் இன்னொரு பக்கம் போனது. வாசலில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஓடியது அம்மாதான்.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது எலும்பு ஒட்டியிருந்தது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. பாப்பா அழுதது ஒரே ஒரு நாள்தான், தேர்வானவர்களின் பட்டியலை டீச்சர் கொண்டுவந்து காட்டிய நாள். டீச்சரும் அழுதார். "நான் நிறுத்தியிருக்கணும்" என்றார். நான் பக்கத்தில் நின்று சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் பேச்சு எழுந்தது. மேஸ்திரிதான் யாரிடமோ வாய் விட்டிருக்கிறார், அந்தச் சுண்ணாம்பு இருந்திருந்தால் கண் கூசியிருக்காது என்று. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, எனக்காகத்தான் சொல்லாமல் விட்டார். பெரியப்பா வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபடியே, "பொம்பளைக போயிக் கண்ணாடியத் தொடச்சுக் கெடுத்தாளுகளே" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"வேற யாரையும் சொல்லாதீக. நாந்தேன் ஏறுனேன். நாந்தேன் தொடச்சேன்" என்றாள்.

அந்த நிமிஷம் நான் அங்கே இருந்தேன். கட்டிலில், ஒரு கையெட்டுகிற தூரத்தில். 'இல்லை பெரியப்பா, நான் திருப்பின கட்டடம்' என்று சொல்லியிருந்தால் அம்மாவின் தலையிலிருந்து அது இறங்கியிருக்கும். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

அத்தை வீட்டில் நொண்டிக் காலோடு வேண்டாம் என்றுவிட்டார்கள். எது வேண்டாம் என்று அவள் ஓடினாளோ அதுகூடக் கிடைக்காமல் போயிற்று. அடுத்த தையில், மேற்கே கரிசல் காட்டில் ஒரு ஊரில், இரண்டு பிள்ளைகளோடு மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். அந்தக் காலோடு அவள் எப்படி நடந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அடிக்கடி போகவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

கூடத்தில் பெண்கள் ஆட்டம் அன்றோடு நின்றது. கொஞ்ச நாள் கழித்து யூரியா மூட்டை அடுக்கினார்கள். மழைக் காலத்தில் ஆம்பளைகள் சீட்டாடினார்கள், வெளிச்சம் நன்றாக இருந்தது அவர்களுக்கு. என் இன்ஜினியர் அதை போட்டோ எடுத்து ஆபீஸில் மாட்டினார். கரண்ட் இல்லாத கட்டடம், சிமெண்டே இல்லாத கட்டடம் என்று வருகிறவர்களிடம் காட்டினார். அதைப் பார்த்து ஆனையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். என் பிழைப்பு அந்தச் சுவரில் ஏறித்தான் மேலே போனது.

அம்மா அதன் பிறகு அரிக்கேன் சிம்னியைத் தொடவில்லை. அது கரி பிடித்துக் கிடக்கும், நானோ அப்பாவோ துடைத்தால் உண்டு. ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அவ கல்யாணமாகிப் போறப்ப என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. நான் ஏணியில ஏறாம இருந்திருக்கணும்."

"விடும்மா" என்றேன்.

"நீ என்னா பண்ணுவ? நீ நல்லாத்தேன் கட்டுன. கெடுத்தது நாந்தேன்."

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அம்மா மோர் ஊற்றவா என்று கேட்டாள். ஊற்று என்றேன்.

எண்பதுகளின் நடுவில் அம்மா இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், பத்து நாளில் முடிந்துபோயிற்று. கடைசி இரண்டு நாள் பாப்பா வந்து பக்கத்தில் இருந்தாள். அம்மா அவளுடைய முழங்காலையே தடவிக்கொண்டு கிடந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மத்தியானம், கொல்லையில் பாப்பா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். வலது காலை நீட்டிப் போட்டு, ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கட்டடத்தைத் திருப்பியது, தகரக் கால்வாய், நான் அழித்த கோடு, சுண்ணாம்புக்கு நான் சொன்ன காரணம், டீச்சர் வந்து கேட்டது, பத்து நிமிஷம் என்று நான் சொன்னது. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த ஏச்சு எனக்கு வேண்டியிருந்தது.

பாப்பா கையிலிருந்த சட்டியை நீரில் அலசிக் கவிழ்த்து வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இத நீ அம்மாட்டல்ல சொல்லிருக்கணும்ணே" என்றாள்.